கோல்ஃப் புல்வெளியில் ஒரு கோடைத் திருமணம்: தங்கவயல் குடும்பமொன்றின் வரவு செலவு

மாசி மாதத்தில் ஒரு முற்பகல், நம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிய கணக்கொன்றுடன் என் மேசைக்கு வந்தார். மகளுக்கு வைகாசியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. காலை முகூர்த்தம் கோயிலில். மாலை வரவேற்பு கோலார் தங்கவயலின் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய புல்வெளியில். மணமக்கள் இருவரும் பெங்களூரில் பணிபுரிபவர்கள். திறந்தவெளி வரவேற்பு அவர்களின் விருப்பம். தந்தைக்கோ இரண்டு மனம். கணக்குத் தாளின் அடியில் 8,60,000 ரூபாய் என்று கூட்டி, அதன்கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். "அம்மா பேர்ல இருக்கற டெபாசிட்ட உடைச்சிடலாம்னு இருக்கேன் சார்" என்றார்.

அந்த வைப்புத்தொகையின் வரலாறு எங்கள் கிளையில் பலருக்கும் தெரியும். அவருடைய தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிலத்தடித் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது கைக்கு வந்த ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை வைப்பில் போட்டார். சில ஆண்டுகளில் நுரையீரல் நோயால் காலமானார். பாறைத்தூள் நெஞ்சில் படிந்து வரும் சிலிகோசிஸ் இவ்வூரில் எந்தத் தெருவில் கேட்டாலும் தெரிந்த சொல். வைப்புத்தொகை மனைவியின் பெயருக்கு மாறி, தவணைதோறும் புதுப்பிக்கப்பட்டு, இன்று 6 லட்சமாக நிற்கிறது.

திருமணச் செலவைப் பற்றி இவ்விதழில் முன்பும் கட்டுரைகள் வந்திருக்கலாம். கூரையில்லாத இடத்தில், கோடையில் நடக்கும் திருமணத்திற்கென்று தனியே ஒரு கணக்கு உண்டு. அக்குடும்பத்துடன் அமர்ந்து போட்ட அந்தக் கணக்கை, அவர்கள் அனுமதியுடன், பெயரின்றி இங்கே விளக்குகிறேன். தொகைகளை எளிமைக்காக முழுமைப்படுத்தியிருக்கிறேன். வட்டி விகிதங்களும் விளக்கத்திற்காகக் கொண்டவையே. அன்றன்றைய விகிதத்தை உங்கள் கிளையில் கேட்டறிக.

முதலில் இடம். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளது தங்கவயல். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கப்பணியில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்து சேர்ந்தது; பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வருமுன்பே தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பங்களாக்களும், 1885-இல் தொடங்கிய கிளப்பும், கோல்ஃப் மைதானமும் அமைந்தன. 'குட்டி இங்கிலாந்து' என்று ஊருக்கே பெயர் விழுந்தது அவற்றால்தான். தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளில் ஓர் அறையே வீடு. அந்தப் புல்வெளியை வேலிக்கு வெளியே நின்று பார்த்த தலைமுறையின் பேத்தி, இன்று அதன் ஓரத்தில் வரவேற்பு வைக்க விரும்புகிறாள். செலவு மிகையா என்று அதிகாரியாக நான் கேட்க வேண்டும். கேட்டேன். ஆனால் ஆசையின் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை.

கோல்ஃப் திடல் மண்டபம் போன்றதன்று. குழிகளைச் சுற்றியுள்ள நுண்புல் நாற்காலிக் காலையும் கூர்முனைச் செருப்பையும் தாங்காது. ஒரு முறை நசுங்கினால் தேறப் பல வாரங்களாகும். எனவே எந்தப் பகுதியில் விருந்தினர் நடமாடலாம், எங்கே நடமாடக் கூடாது என்பதை நில உரிமையாளர் வரையறுப்பார். சேதத்திற்கெனக் காப்புத்தொகையும் கேட்பார். பந்தற்காரர் முளை அடிக்கும்போது மண்ணுக்கடியில் செல்லும் நீர்க்குழாய் உடைந்தால் அந்தச் செலவு யாருடையது? சமையல் அடுப்பைப் புல்லில் மூட்ட இயலாது என்பதால் பரிமாறும் இடத்துக்கும் சமையலிடத்துக்கும் இடையே தொலைவு கூடும். அதற்கேற்ப ஆட்களும் கூடுவர். ஆட்டம் எத்தனை மணிக்கு நிற்கும், பந்தல் வேலையை எப்போது தொடங்கலாம் என்பவையும் உண்டு. இவற்றில் ஒன்றுகூட நாள்காட்டித் தாளில் இல்லை.

அடுத்து, கோடை. பள்ளி விடுமுறை, உறவினர் வருகை, வைகாசியின் முகூர்த்த நாள்கள் ஆகியவற்றால் நம்மவர் திருமணங்கள் கோடையில் குவிகின்றன. தங்கவயலின் உயரத்தால் வேலூரின் வெயில் இங்கில்லை என்பது உண்மையே. ஆயினும் பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்தவெளியில் நிழலின்றி யாரும் நிற்க முடியாது. அதைவிடப் பெரிய ஐயம் மழை. ஏப்ரல், மே மாதங்களில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் வரும் இடிமழையை மாம்பழ மழை என்கிறோம். சீனிவாசபுரத்து மாந்தோப்புகளை உடைய கோலார் மாவட்டத்திற்கு அப்பெயர் நன்றாகவே பொருந்தும். பகல் முழுதும் நிலம் சூடேறி, வெப்பக்காற்று மேலெழுந்து, மாலை நான்கு மணிக்கு மேல் மேகம் திரண்டு, சூறைக்காற்றுடன் கொட்டும். சில நாள் ஆலங்கட்டியும் விழும். அதாவது, வரவேற்புக்குப் பந்தல் தயாராகி நிற்கும் அதே நேரம். மழை விட்டபின் விளக்கைத் தேடி ஈசல் கூட்டம் வரும். பாயசத்தில் ஈசல் விழுந்த வரவேற்பை நான் கண்டிருக்கிறேன்.

மழை வராவிட்டால் காற்று. சுரங்கத் தொழிற்சாலைகள் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், 13 மேடுகளாக 3 கோடி டன்னுக்கும் மேல் இவ்வூரைச் சுற்றிக் கிடக்கிறது. சயனைடு மேடு என்று சிறுவர்க்கும் தெரியும். கோடைக் காற்றில் அதன் வெண்தூசு எழும் திசையைப் பார்த்து, விருந்துப் பந்தியை எப்பக்கம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வெளியூர்த் திருமண ஏற்பாட்டாளருக்கு இது தெரியாது. உள்ளூர்ப் பந்தற்காரருக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளூர்க்காரரை அமர்த்தலாம்.

நீரும் உணவும் அடுத்தவை. வெயில் காலத்தில் லாரித் தண்ணீருக்கு முன்கூட்டிச் சொல்லி, விலையையும் பேசி வைக்க வேண்டும். சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை. நண்பகலில் கலந்த தயிர்சாதம் இரவு எட்டு மணிப் பந்திக்கு உதவாது. சமையற்காரரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி ஒப்பந்தம். நம் மக்கள் மண்டபத்துக்கு வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து, ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். அந்தச் சீட்டில் தொகையும் தேதியும் மட்டுமே இருக்கும். திறந்தவெளிக்கு அது போதாது. மழை வந்தால் மாற்றிடம் எது, அதற்குத் தனி வாடகை உண்டா, அந்த முடிவை எத்தனை மணிக்கு, யார் எடுப்பது, தேதியை மாற்றினால் முன்பணம் என்னவாகும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், காப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். 2020 ஏப்ரல், மே மாதங்களுக்கு மண்டபம் பதிவு செய்திருந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் இருந்தவர்க்கும் இல்லாதவர்க்கும் நேர்ந்த வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி, ஒப்பந்த மீறலுக்கு நியாயமான இழப்பீடே பெறலாம். "முன்பணம் எக்காரணத்தாலும் திரும்பாது" என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அது முடிந்த முடிவாகிவிடாது. பணம் பெறுபவருக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடும் உரிமை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். சுரங்க நிறுவனத்துக்கும் கிளப்புகளுக்கும் தனியாருக்கும் உரிய நிலங்கள் கலந்து கிடக்கும் இவ்வூரில் இது மிகையான எச்சரிக்கை அன்று.

மின்சாரத்துக்கு பெஸ்காமிடம் தற்காலிக இணைப்பு கேட்கலாம். முழுவதையும் ஜெனரேட்டரில் ஓட்டுவதைவிடச் சிக்கனம். ஒலிபெருக்கியைத் திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இயக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இசைக்குழுவுக்கு நள்ளிரவு வரை பணம் பேசிவிட்டுப் பத்து மணிக்கு நிறுத்துபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

மழைக்கும் தீக்கும் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் சில நிகழ்ச்சிக் காப்பீடு வழங்குகின்றன. இயற்கைச் சீற்றத்தால் நிகழ்ச்சி ரத்தானால் ஏற்படும் இழப்பு, விருந்தினருக்கு நேரும் விபத்தின் பொறுப்பு போன்றவை அதில் அடங்கும். மணமக்களோ குடும்பத்தாரோ மனம் மாறினால் காப்பீடு கிடையாது. சாதாரண மழையால் சிரமம் நேர்வதும், நிகழ்ச்சி ரத்தாவதும் ஒன்றல்ல. பாலிசியின் சொற்களைப் படித்தபின் பிரீமியம் கட்டுக.

இப்போது நாள்காட்டித் தாளுக்கு வருவோம். புல்வெளி வாடகை 1,50,000. பந்தல், மேடை, அலங்காரம் 1,80,000. விருந்து, 500 பேருக்கு ஒருவருக்கு 420 வீதம், 2,10,000. விளக்கும் ஜெனரேட்டரும் 60,000. நகையும் துணியும் 2,00,000. இதர செலவு 60,000. கூட்டல் சரி. ஆனால் எல்லாம் வரியில்லா விலை. வாடகைக்கும் பந்தலுக்கும் 18 விழுக்காடு, வெளியிடச் சமையலுக்கு 5 விழுக்காடு எனச் சரக்கு மற்றும் சேவை வரி சேர்த்தால் 27,000, 32,400, 10,500 என ஏறத்தாழ 70,000 கூடிற்று. காப்புத்தொகை 50,000 திரும்பி வரும் பணமாயினும் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும். லாரித் தண்ணீர், பெங்களூரிலிருந்து வருவோருக்கு வண்டி, மழைக்கான மாற்றுப் பந்தல் எல்லாம் சேர்ந்து கணக்கு 10 லட்சத்தைத் தாண்டியது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் மூவராக வந்தார்கள்: அவர், மனைவி, வைப்புத்தொகையின் உரிமையாளரான தாய். அம்மூதாட்டி நாற்காலியின் நுனியில் அமர்ந்து, நான் பேசத் தொடங்குமுன்னே சொன்னார்: "அது அவரு மூச்ச வித்த காசு, தம்பி. அத உடைக்காதீங்க. வேணும்னா என் சங்கிலிய வச்சுக்கோங்க." கழுத்திலிருந்த ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றவும் முற்பட்டார்.

ஆக, வழிகள் மூன்று: வைப்பை முறிப்பது, வைப்பின் மீது கடன் பெறுவது, நகைக்கடன். தனிநபர் கடன் என்றொரு நான்காவதும் உண்டு. பிணையமில்லாததால் வட்டி மிகுதி. பிணையம் கையில் இருப்பவர் அதை நாட வேண்டியதில்லை.

முறிப்பதைப் பார்ப்போம். ஐந்தாண்டுத் தவணைக்கு 7 விழுக்காடு என்று போட்ட 6 லட்சம் வைப்பில் இரண்டாண்டுகள் முடிந்திருந்தன. இடையில் முறித்தால், வங்கி 7 விழுக்காடு தராது. பணம் இருந்த காலமான இரண்டாண்டுக்கு அன்று நிலவிய விகிதத்தை, 6.5 என்று கொள்வோம், எடுத்துக்கொண்டு, அதிலிருந்து முன்முறிவுக்காக 1 விழுக்காடு கழிக்கும். கிடைப்பது 5.5. தனிவட்டியாகப் பார்த்தாலும் 6 லட்சத்துக்கு இரண்டாண்டில் 18,000 ரூபாய் இழப்பு. தேவைப்பட்டது பாதித் தொகைதான் என்றாலும், ஒரே ரசீதாக இருந்தமையால் முழுவதையும் முறிக்க நேரும். (பெருந்தொகையை ஒரே ரசீதாக வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வைக்கச் சொல்வது இதனால்தான்.)

நகைக்கடன். ரிசர்வ் வங்கியின் இன்றைய விதிகளின்படி, சொந்தத் தேவைக்கான கடன் இரண்டரை லட்சம் வரை எனில் நகை மதிப்பில் 85 விழுக்காடு வரையும், அதற்குமேல் 5 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கும் மேற்பட்டால் 75 விழுக்காடும் தரலாம். மதிப்பு என்பது தங்கத்தின் மதிப்பு மட்டுமே. கல், அரக்கு, செய்கூலி சேராது. விலையும் முந்தைய நாள் விலை, கடந்த 30 நாள் சராசரி ஆகிய இரண்டில் எது குறைவோ அது. அம்மூதாட்டியின் சங்கிலி 40 கிராம். பதக்கத்தின் கல் நீக்கி 36 கிராம். கணக்கின் எளிமைக்காகக் கிராம் 10,000 ரூபாய் எனில் மதிப்பு 3,60,000. அதில் 80 விழுக்காடு 2,88,000. ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டுவதாக இருந்தால், முடிவில் சேரும் வட்டியும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். 9 விழுக்காடு வட்டியில் கையில் கிடைப்பது ஏறத்தாழ 2,64,000. இதற்கு எட்டு மாத வட்டி மட்டும் 15,840 ரூபாய். கடன் தீர்ந்தபின் நகையை அதிகபட்சம் 7 வேலைநாள்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இவ்விதி பலருக்குத் தெரியவில்லை என்பதால் குறிப்பிடுகிறேன்.

வைப்பின் மீதான கடன். வைப்பு அப்படியே இருக்கும். 7 விழுக்காடு தொடர்ந்து வரும். அதன் பிணையத்தில் 3 லட்சத்தை, வைப்பு வட்டியைவிட 1 விழுக்காடு கூடுதலாக, அதாவது 8 விழுக்காட்டில் பெறலாம். முழுத்தொகையும் எட்டு மாதம் நிலுவையில் இருந்தாலும் வட்டி 16,000. அதே 3 லட்சம் வைப்பில் அதே எட்டு மாதத்தில் 14,000 ஈட்டிவிடும். எனவே நிகரச் செலவு 2,000 ரூபாய்தான். இடையிடையே கட்டினால் இன்னும் குறையும்.

18,000, 15,840, 2,000. மகனுக்கு உடனே விளங்கிற்று. தாய்க்கு எண்கள் பொருட்டல்ல. "அப்ப அது உடையாதா?" என்று கேட்டார். "உடையாது அம்மா. ரசீதின் மேல் ஒரு குறிப்பு மட்டும் விழும், கடன் தீர்ந்ததும் எடுத்துவிடுவோம்" என்றேன். வைப்பு அவருடையது என்பதால் கையொப்பமும் சம்மதமும் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதையும், பேத்தியின் திருமணமாயினும் மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு என்பதையும் மகன் முன்னிலையிலேயே சொன்னேன். வயதானவர்களின் வைப்பைப் பிள்ளைகள் கேட்டு வரும்போது இதைச் சொல்லத் தவறுவதில்லை. சிலருக்கு அது பிடிப்பதில்லை. மூதாட்டி சற்றுநேரம் பேசாமல் இருந்து, பிறகு கையொப்பமிட்டார்.

சங்கிலியைப் பற்றி ஓர் இடைச்செருகல். சுரங்கம் மூடும் காலத்தில் இங்கு ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் ஏறத்தாழ 3 கிராம். அந்த அளவில் பார்த்தால் 36 கிராம் சங்கிலிக்குப் பன்னிரண்டு டன் பாறையை உடைத்து மேலே கொண்டுவர வேண்டும், 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து. நகைக்கடன் மேசையில் அமரும் இளம் அலுவலர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

எஞ்சிய தொகை அவர்களுடைய சேமிப்பு 3,50,000. மகளின் சேமிப்பு 1,50,000. மூன்றும் சேர்ந்து 8 லட்சம். செலவோ 10 லட்சம். இங்கேதான் விருந்தினர் பட்டியல் 500-இலிருந்து 350 ஆயிற்று. மேடை அலங்காரம் பாதியாயிற்று. நகைக்குப் பாட்டியின் பழைய வளையல்களை மாற்றிக்கொண்டார்கள். புதிய நகை வாங்கும்போது மூன்று குறிகளைப் பாருங்கள்: பி.ஐ.எஸ். சின்னம், தூய்மை எண், ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறி. 2023 ஏப்ரல் 1 முதல் இக்குறியில்லாத ஹால்மார்க் நகையை விற்க இயலாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அக்குறியை இட்டுச் சரிபார்க்கலாம். இன்னும் பத்து வயதே ஆன மகளுடையோர்க்கு ஒரு கணக்கு: மாதம் 5,000 வீதம் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு, 6.5 விழுக்காட்டில், முடிவில் ஏறத்தாழ 3,55,000 தரும்.

பணம் தரும் முறையில் ஒரு சட்ட வரம்பு உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே பரிவர்த்தனைக்கோ, ஒரே நிகழ்ச்சிக்கோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. 'ஒரே நிகழ்ச்சி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பந்தற்காரருக்கு மாசியில் 1,20,000, வைகாசியில் 90,000 என்று ரொக்கமாகக் கொடுத்தால், நாள் வேறாயினும் நிகழ்ச்சி ஒன்றே. அபராதம் பெற்றவருக்கு; தொகையும் பெற்ற பணத்துக்குச் சமம். காசோலை, வங்கி மாற்று, யு.பி.ஐ. வழி கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. பின்னால் தகராறு வந்தால் கொடுத்ததற்குச் சான்றும் உண்டு.

மொய். அவருடைய முதற்கணக்கில் "மொய் வரவு 2,00,000" என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். மொய் வருமானமன்று, வட்டியும் தவணையும் குறிக்கப்படாத கடன். மொய்நோட்டைப் புரட்டிப் பார்த்தால், வரவிருப்பதில் பெரும்பகுதி நாம் முன்பு கொடுத்ததன் திரும்பல், எஞ்சியது நாளை நாம் திருப்பித் தர வேண்டியது. அதை நம்பிப் பந்தற்காரருக்குச் சொல் கொடுக்கக் கூடாது. வந்தால் கடனைக் கட்டட்டும்.

வருமான வரியிலும் மொய்க்கு ஒரு நுணுக்கம் உண்டு. திருமணத்தை ஒட்டி மணமகனோ மணமகளோ பெறும் அன்பளிப்புக்கு, யார் கொடுத்தாலும், எவ்வளவாயினும் வரியில்லை. இச்சலுகை மணமக்களுக்கே, பெற்றோருக்கு இல்லை. உறவினரல்லாதோர் தந்தையின் பெயரில் தந்தவை ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைக் கடந்தால் அது தந்தையின் வருமானமாகக் கருதப்படும். இப்போது வரவேற்பு வாயிலில் கியூ.ஆர். அட்டை வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த அட்டை யாருடைய கணக்குக்குரியது என்பது இதனால் முக்கியமாகிறது. மணமகளின் கணக்குக்குரியதையே வைக்கச் சொன்னேன். அட்டையின் மேல் வேறொருவர் தம் அட்டையை ஒட்டிவிடாதபடி, ஒரு பிள்ளையை அருகில் அமர்த்துவதும் நல்லது. அழைப்பிதழிலும் மோசடி நுழைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அது கைபேசியில் செயலியாக அமர்ந்து குறுஞ்செய்திகளைத் திருடும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டுக் கிளைக்கு வாருங்கள்.

மணமகளின் நகை மணமகளுடையது. சீதனம் பெண்ணின் தனியுடைமை என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. மணமக்கள் பெறும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டுக்குரியது, கடைப்பிடிப்போர் குறைவு. ரசீதுகளையும் ஒளிப்படங்களையும் அப்பெண்ணிடமே கொடுத்து, பெட்டகத்தை அவள் பெயரில் எடுப்பது நல்லது. திருமணத்தைப் பதிவு செய்தபின் வங்கிக் கணக்கில் பெயர், முகவரி, நியமனம் ஆகியவற்றைத் திருத்தவும். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கொன்றுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். தாயையும் கணவரையும் சேர்த்தே எழுதலாம், யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம்.

வைகாசியில் அந்நாள் வந்தது. நானும் அழைக்கப்பட்டிருந்தேன். மதியம் வரை வானில் ஒரு மேகம் இல்லை. நான்கரை மணிக்கு மாரிகுப்பம் பக்கம் கறுத்தது. ஒப்பந்தத்தில் முடிவெடுக்கும் நேரம் ஐந்து மணி என்றும், மழையெனில் அடுத்துள்ள கூடத்துக்குத் தனிவாடகையின்றி மாறலாம் என்றும் எழுதியிருந்தார்கள். நான்கு ஐம்பதுக்குத் தந்தை பந்தற்காரரை அழைத்து, உள்ளே மாற்றச் சொன்னார். மகளுக்கு முகம் வாடியது. நாற்காலிகள் போய்ச் சேருமுன் காற்று வந்துவிட்டது. அலங்கார வளைவு ஒன்று சாய்ந்தது. ஐந்தே காலுக்கு ஆலங்கட்டி. கூடத்தில் 350 பேருக்கு இடம் நெருக்கடிதான். 500 பேரென்றால் மழையில்தான் நின்றிருப்பார்கள். இலை போட்டு, சூடாகவே பரிமாறினார்கள். வெளியில் வைத்த ஒளிபெருக்கி ஒன்று நனைந்து போனது. அதன் வாடகையாளருக்கு 6,000 கொடுக்க நேர்ந்தது. அது எங்கள் கணக்கில் இல்லாத செலவு.

ஏழரை மணிக்கு மழை விட்டது. ஈசலுக்காகக் கூடத்தின் வெளிவிளக்குகளை அணைத்துவிட்டார்கள். அந்த அரையிருளில் மணமக்கள் ஈரப் புல்லில் செருப்பின்றி இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பாட்டியையும் கைபிடித்து அழைத்துச் சென்றார்கள். "இதுக்குக் கீழதான் அவரு இறங்கிப் போவாரு" என்று பாட்டி பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சுரங்கப் பாதைகள் சரியாக அந்த இடத்தின் கீழா ஓடுகின்றன என்று நான் கேட்கவில்லை.

காப்புத்தொகை ஒன்பதாம் நாள் 4,000 ரூபாய் பிடித்தம் போகத் திரும்பியது. புல்லில் வண்டிச் சக்கரத்தின் தடம் என்றார்கள், ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. மொய்யில் வந்த பணம் முழுவதையும் மகள் கடனில் கட்டினாள். எஞ்சியதை மாதத் தவணையாகத் தந்தையும் மகளும் பகிர்ந்துகொண்டார்கள். எட்டு மாதம் என்று போட்ட கடன் ஆறாவது மாதத்தில் முடிந்தது. அன்று தந்தையுடன் பாட்டியும் வந்திருந்தார். ரசீதின் மேலிருந்த பிணையக் குறிப்பை நீக்கி, முத்திரையிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, தொகையை ஒரு முறை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.